வலமரை

நாலு மணிக்குப் போன்.
"சார், ராத்திரி விவாதம். இலவசம் சரியா தவறா.
தவறுன்னு பேச இருந்தவருக்குக் காய்ச்சல்.
நீங்க தவறுன்னு சொல்வீங்களாமே?"

செம்புதாஸ் தெருவில் போல்ட் நட் விற்கிறவனை
இவர்களுக்கு யார் காட்டிக்கொடுத்தது?
ஜாபர் முதுகைக் காட்டி
வாஷர் எண்ணிக்கொண்டிருந்தான்,
ரொம்பக் கவனமாக.

மண்ணடியில் மெட்ரோ ஏறினேன்.
யாரோ வாங்கி
இன்னும் பிறக்காத என் பேரன் அடைக்கப்போகிற கடனில்
பெட்டி முழுக்க ஏசி.
சும்மா சொல்லக்கூடாது, நல்ல குளிர்ச்சி.
கண்ணை மூடிக்கொண்டு
ஈக்காட்டுத்தாங்கல் வரை எதிர்த்துக்கொண்டே போனேன்.

அங்கே ஒரு பெண் முகத்தில் பவுடர் அப்பினாள்.
ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் எனக்கும்
அவளிடம் ஒரே டப்பாதான்.

தயாபரன், வணிகர் என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.
திரையில் வந்தது:
தயாளன், வலதுசாரி.

வலது எனக்குத் தெரியும்.
வலப்பக்கம் திருகினால் இறுகும்
இடப்பக்கம் திருகினால் கழலும்.
முப்பத்தொரு வருஷத்தில் நான் கற்ற சித்தாந்தம் இவ்வளவே.
விலக்கும் உண்டு, மறைப்பானேன்.
சைக்கிளின் இடது பெடலுக்கு இடமரைதான் பொருந்தும்.
வலமரை போட்டால் மிதிக்க மிதிக்கக் கழன்று
நட்டநடு மவுண்ட் ரோட்டில் ஆளைக் கவிழ்த்துவிடும்.
ஒரு வண்டிக்கு ஓர் இடத்தில்.
வண்டி முழுக்க என்றால்
கொஞ்சம் யோசிக்கவேண்டும் ஐயா.

இதைச் சொல்லலாமென்று இருந்தேன்.
மேல் கட்டத்தில் பரிதிவாணன் கத்த
கீழ்க் கட்டத்தில் அவருடைய எதிரி கத்த
பொருளாதாரப் பேராசிரியர் மேகலை
ஒரு சதவீதத்தைப் பாதி சொல்லி
மீதிக்கு வாய் திறந்தபடியே இருந்தார், எட்டு நிமிஷம்.
நெறியாளர் நிவேந்தன்
"மக்கள் பாத்துட்டிருக்காங்க" என்று
மக்களைக் காட்டி மிரட்டினார்.

இடைவேளை.
இந்த விவாதத்தை உங்களுக்கு வழங்குவோர்:
இரண்டு பனியன் வாங்கினால் ஒன்று இலவசம்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
நானும் பவுடர் விரிசல் விடாமல் பார்த்துக்கொண்டேன்.

என் முறை. நாற்பது விநாடி.
"அரசாங்கத்துக்கென்று தனியாகச் சட்டைப் பை கிடையாதுங்க.
கைவிடுவது நம் பையில்.
எடுத்ததில் கொஞ்சத்தை நமக்கே நீட்டும்போது
படம் போட்டு நீட்டுகிறது.
நீட்டுகிறவர் மாறுவார்,
படம் மாறும்,
பை மட்டும்..."

"சுருக்கமா சார். சரியா? தவறா?"

என் தொழிலில் மூன்றாவது பதில் ஒன்று உண்டு.
"பாக்கி" என்றேன்.
மைக்கில் விழுந்ததா தெரியவில்லை.
கீழே ஓடிய சிவப்புப் பட்டையில்
பரபரப்பு என்று போட்டிருந்தது.
எங்கே என்று நானும் சுற்றிப் பார்த்தேன்.

புறப்படும்போது பீங்கான் கோப்பை ஒன்று கொடுத்தார்கள்,
சேனல் சின்னம் போட்டது.
எவ்வளவு என்று கேட்டேன், பழக்கதோஷம்.
"ஃப்ரீ சார்."
வாங்கிக்கொண்டேன். நல்ல கனம்.

புனிதவதி சைதாப்பேட்டையிலிருந்து
காசு கொடுக்காமல், சட்டப்படி, பஸ்ஸில் வந்திருந்தாள்.
"நீங்க வாயைத் திறந்ததும் விளம்பரம் போட்டுட்டான்.
அந்தப் பனியன் எங்க கிடைக்குதாம்?"
அரசாங்க முத்திரை போட்ட மிக்ஸி ஆடுகிறதாம்,
அடியில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறதாம்.
பத்து வருஷத்துக்கு மேல் அரைக்கிறது,
என் கொள்கையைவிடக் கெட்டி.
வலப்பக்கம் திருகினேன்.
சட்னி சாப்பிட்டேன்.

காலையில் கட்சிக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார்,
வரவேற்பு வளைவுக்கு அரையங்குல போல்ட், இருநூறு.
எந்தக் கட்சியென்று நான் கேட்பதில்லை,
எல்லா வளைவுக்கும் அரையங்குலம்தான்.
"நேத்து டிவில பாத்தேண்ணே. பின்னிட்டீங்க.
கஜானாவக் காலி பண்றானுங்க."
பிறகு குரலைத் தாழ்த்தி,
"எழுதி வச்சுக்குங்க."

ஜாபர் நோட்டை எடுத்தான்.
பேனாக்கள் இப்போது
அந்தக் கோப்பையில்தான் இருக்கின்றன.